சிக்னல் கோடு ஃபுல்லா இருக்கு, ராத்திரி ஆனா வீடியோ கால் திக்குது, பூஸ்டர் வாங்கினா சரியாகுமா?

நீங்க எழுதினத சுருக்கி சொன்னா இதுதான்: நிறைய மாடி இருக்குற அப்பார்ட்மென்ட்ல ஆறாவது மாடி, ரெண்டு பெட்ரூம் வீடு, 200 எம்பிபிஎஸ் லைன், போன்ல சிக்னல் கோடு எப்பவும் ஃபுல்லா காட்டுது, பகல்ல ஒரு குறையும் இல்ல, ஆனா ராத்திரி எட்டு மணி தாண்டினா வீடியோ கால் திக்கித் திக்கிப் போகுது, வைஃபை லிஸ்ட்ட தொறந்தா நாப்பது நெட்வொர்க் பேரு வருது, பூஸ்டர் ஒண்ணு வாங்கி மாட்டலாமா. கேட்டது பூஸ்டரப் பத்தினாலும் உள்ள இருக்குற சந்தேகம், சிக்னல் இவ்ளோ நல்லா இருந்தும் வேகம் ஏன் வரலங்கிறதுதான். அது புரிஞ்சுட்டா பூஸ்டர் வேணுமா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணிடுவீங்க. நான் பதினாலு வருஷமா ஆபீஸ், ஹாஸ்டல், குடியிருப்புன்னு வைஃபை போடுற வேலையில இருக்கேன், அதுல பாதிக்கு மேல ஏற்கனவே போட்டு சரியா ஓடாதத போய் சரி பண்றதுதான். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், எது உறுதி, எது வீட்டுக்கு வீடு மாறும்னு அங்கங்க பிரிச்சும் சொல்லிடறேன்.

முதல்ல உறுதியான விஷயம். வைஃபை அலைவரிசைய நம்பர் போட்டு பல பாதையா பிரிச்சிருக்காங்க, ஒவ்வொண்ணுக்கும் சேனல்னு பேரு, ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒரே ஒரு சாதனம்தான் பேச முடியும். அது உங்க ரவுட்டரா, உங்க போனா, பக்கத்து வீட்டு டிவியா, மேல் மாடி லேப்டாப்பாங்கிறது கணக்கே இல்ல, எல்லாரும் ஒரே ஒத்தையடிப் பாதையில நடக்குறவங்க மாதிரி, எதிர்ல ஒருத்தர் வந்தா மத்தவங்க ஒதுங்கி நின்னுதான் ஆகணும். வைஃபை சாதனம் எதுவும் பேசுறதுக்கு முன்னாடி காது குடுத்து கேக்கும், யாராவது பேசிட்டிருந்தா நிறுத்திக்கும், அவங்க முடிச்சதும் குத்துமதிப்பா ஒரு சின்ன நேரம் காத்திருந்து அப்புறம்தான் தன் பங்க அனுப்பும். இதுல காது ரொம்ப கூர்மை. மைனஸ் 82 டிபிஎம் (சிக்னல் பலத்தோட அளவு, மைனஸ் நம்பர் பெருசாக ஆக சிக்னல் மெல்லிசு) அளவுக்கு, அதாவது உங்க போன்ல ஒரு கோடு கூட ஒழுங்கா காட்டாத அளவு மெல்லிசான பக்கத்து வீட்டு சிக்னல் காதுல விழுந்தாலும் உங்க ரவுட்டர் வாய மூடிக்கும். போன்ல தெரியுற கோடு உங்க ரவுட்டர் குரல் எவ்ளோ சத்தமா கேக்குதுன்னு மட்டும்தான் சொல்லுது, அந்த பாதையில உங்களுக்கு நடக்க இடம் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு சொல்லவே சொல்லாது. பகல்ல எல்லாரும் வெளிய போயிடறாங்க, பாதை காலி. ராத்திரி எல்லா வீட்லயும் டிவி, கேம், கால். உங்க வீட்ல எதுவும் மாறல, பாதைதான் நெரிஞ்சு போச்சு.

இன்னொண்ணும் சேர்த்து பாருங்க, பங்கு போடுறது டேட்டாவ இல்ல, நேரத்த. 1500 பைட் இருக்குற ஒரு பாக்கெட்ட, அதாவது டேட்டாவோட ஒரு துண்ட, 300 எம்பிபிஎஸ் வேகத்துல அனுப்ப 40 மைக்ரோ செகண்ட் போதும், அதையே எங்கயோ மூலையில தள்ளி இருக்குற ஒரு பழைய சாதனம் 6 எம்பிபிஎஸ்ல அனுப்பினா 2000 மைக்ரோ செகண்ட் எடுக்கும், அதாவது அம்பது மடங்கு. ஒரே ஒரு மந்தமான சாதனம் எல்லாரோட நேரத்தையும் தின்னுடும்னு சொல்றது இதனாலதான். அப்புறம் ஒவ்வொரு ரவுட்டரும் யாரும் பயன்படுத்தாத நேரத்துலயும் "நான் இங்க இருக்கேன்"னு செகண்டுக்கு கிட்டத்தட்ட பத்து தடவ அறிவிப்பு விடுது, இதுக்கு பீக்கன்னு பேரு. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல, அதாவது வைஃபை ஓடுற பழைய அலைவரிசைப் பட்டையில, பழைய சாதனங்களுக்கும் புரியணும்னு பல ரவுட்டர் இத 1 எம்பிபிஎஸ் வேகத்துல விடும், 250 பைட் பீக்கன்னா ஒண்ணுக்கு 2 மில்லி செகண்டுக்கு மேல போகுது, பத்து தடவைக்கு 20 மில்லி செகண்டுக்கு மேல, அதாவது மொத்த நேரத்துல 2 சதவீதம் ஒரு நெட்வொர்க்கோட பேரச் சொல்லவே போயிடுது. ஒரே சேனல்ல பதினஞ்சு நெட்வொர்க் இருந்தா யாரும் ஒரு பைட்டும் இறக்காமலேயே 30 சதவீதம் காலி. கெஸ்ட் நெட்வொர்க்னு கூடுதலா ஒரு பேரு போட்டு வெச்சிருந்தீங்கன்னா அதுக்கும் தனி பீக்கன் போகும், தேவையில்லன்னா நிறுத்திடுங்க.

இப்ப நீங்க செய்ய வேண்டிய முதல் காரியம், கோளாறு வைஃபையிலதானான்னு பாக்குறது. ராத்திரி நேரத்துல லைன் குடுக்குறவங்க பக்கமும் நெரிசல் வரும், அப்படி இருந்தா நீங்க வீட்டுக்குள்ள என்ன மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல. தூரத்துல இருந்து இத யாராலயும் சொல்ல முடியாது, நீங்கதான் அளந்து பாக்கணும், அதுக்கு காசு செலவு ஒண்ணும் கிடையாது. கால் திக்குற அதே நேரத்துல லேப்டாப்ப சார்ஜர்ல போட்டுட்டு ரெண்டு விண்டோ தொறந்து, ஒண்ணுல உங்க ரவுட்டரோட முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1 மாதிரி இருக்கும், இன்னொண்ணுல 8.8.8.8 மாதிரி வெளி முகவரிக்கு, பிங் ஓட விடுங்க, ஒரு சின்ன பாக்கெட் போயிட்டு திரும்ப வர எத்தன மில்லி செகண்ட் ஆகுதுன்னு அளக்குற கமாண்ட் அது. சார்ஜர்ல போடச் சொல்றதுக்கு காரணம் இருக்கு, பேட்டரியில ஓடும்போது வைஃபை சிப் அப்பப்ப தூங்கி எழும், போன்ல இது இன்னும் அதிகம், அதனால போன்ல பிங் பாத்துட்டு நூறு மில்லி செகண்ட் வருதேன்னு பயந்துக்காதீங்க.

போன மாசம் ஒரு வீட்ல பாத்தத அப்படியே சொல்றேன். சாப்பாட்டு மேஜை மேல லேப்டாப், ரவுட்டர் ஆறடி தூரத்துல கண்ணுக்கு நேரா இருக்கு, சிக்னல் மைனஸ் 48, அதுக்கு மேல யாரும் கேக்க முடியாது. ரவுட்டருக்கு போற பிங் 3, 2, 4, 3ன்னு வந்துட்டே இருந்தது, திடீர்னு 210, அப்புறம் 340, ஒண்ணு பதிலே வரல, திரும்ப 3, 3, 5. அந்தம்மா எனக்கு பின்னாடி நின்னு பாத்துட்டு "இது நம்ம வீட்டுக்குள்ளயே தானே போயிட்டு வருது, இதுக்கு ஏன் தம்பி இவ்ளோ நேரம்"னு கேட்டாங்க, சரியான கேள்வி. ஆறடி தூரம் போக ஒரு பாக்கெட் மூணுல ஒரு பங்கு செகண்ட் எடுக்குதுன்னா அது வாசல்ல நின்னு தன் முறைக்கு காத்துக்கிடக்குதுன்னு அர்த்தம். கேபிள்ல மாட்டினதும் அதே பிங் 1, 1, 1ன்னு நேரா போச்சு. உங்களுக்கும் இப்படி ரவுட்டர் பிங்கே எகிறினா கோளாறு காத்துல. ரவுட்டர் பிங் அமைதியா இருந்து வெளி பிங் மட்டும் எகிறினா கோளாறு லைன்லயோ ரவுட்டருக்குள்ள நிக்குற க்யூவிலயோ.

அந்த க்யூவப் பத்தி ரெண்டு வரி, ஏன்னா பல பேர் இத வைஃபை கோளாறுன்னு நெனச்சு ரவுட்டர் மாத்திட்டு ஏமாந்து போறாங்க. வீட்ல யாரோ ஒருத்தர் போன் ராத்திரி சார்ஜ்ல போட்டதும் போட்டோ எல்லாத்தையும் மேல ஏத்த ஆரம்பிக்கும், அப்லோட் பாதை நெரம்பி உங்க கால் பாக்கெட் அதுக்குப் பின்னாடி வரிசையில நிக்கும். இதுக்கு பஃபர்ப்ளோட்னு பேரு. ரவுட்டர்ல எஸ்க்யூஎம்னு, இந்த வரிசை நீளாம பாத்துக்குற ஒரு வசதி இருந்தா அத ஆன் பண்ணி, அப்லோட் டவுன்லோட் ரெண்டையும் உங்க லைன் உண்மையா தர்ற வேகத்துல 85, 90 சதவீதத்துக்கு வெச்சா பெரும்பாலும் தீந்துடும். இல்லாட்டி போட்டோ ஏத்துறத நடுராத்திரிக்கு தள்ளி வைங்க.

சரி, கோளாறு காத்துலதான்னு தெரிஞ்சிடுச்சுன்னு வெச்சுக்குவோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் பத்தி முதல்ல. அந்த பட்டை மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ் அகலம், சேனலுக்கு சேனல் தள்ளி இருக்குறது 5 மெகாஹெர்ட்ஸ் மட்டும், ஆனா ஒரு வைஃபை சிக்னல் எடுத்துக்குற இடம் 20 மெகாஹெர்ட்ஸ். அதனாலதான் ஒண்ணோட ஒண்ணு இடிக்காம 1, 6, 11ன்னு மூணே மூணு சேனல் கெடைக்குது. இங்க நெறைய பேர் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, எந்த நெட்வொர்க் எந்த சேனல்ல இருக்குன்னு காட்டுற அனலைசர் ஆப் தொறந்து பாத்துட்டு 1லயும் 6லயும் கூட்டமா இருக்கு, 3ல யாருமே இல்ல, அங்க போயிடலாம்னு போயிடறாங்க. அது ரொம்ப கெடுதல். ஒரே சேனல்ல இருக்குறவங்க ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்கு புரியும், அதனால ஒதுங்கி வழி விடுவாங்க. பக்கத்து சேனல்ல இருக்குறவன் பேச்சு புரியாது, வெறும் இரைச்சலா கேக்கும், வழி விடாம மேல ஏறிப் பேசுவான், ரெண்டு பேர் பாக்கெட்டும் நாசமாகி திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும். 3ல உக்காந்தா 1ல இருக்குறவங்களுக்கும் 6ல இருக்குறவங்களுக்கும் சேர்த்து தொந்தரவு, உங்களுக்கும் நிம்மதி இல்ல. கூட்டமா இருந்தாலும் 1, 6, 11ல ஒண்ணுலதான் நிக்கணும், அகலத்த 20ல வைக்கணும், 2.4ல 40 மெகாஹெர்ட்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருந்தா அத தொடவே வேண்டாம்.

இந்த பட்டையில வைஃபை மட்டும் இல்ல. மைக்ரோவேவ் அவன் வேலை செய்யறது 2450 மெகாஹெர்ட்ஸ் சுத்தி, ப்ளூடூத் இங்கதான், வயர்லெஸ் மவுஸ் பலது இங்கதான். பலருக்கு தெரியாத ஒண்ணு யூஎஸ்பி 3. அந்த போர்ட்டும் கேபிளும் டேட்டா ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ்லயே இரைச்சல் கக்கும், இன்டெல் நிறுவனமே 2012ல இத அளந்து ஒரு அறிக்கை போட்டிருக்கு. ஒருத்தர் வீட்ல தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு நெட் படுக்குதுன்னு கூப்பிட்டாங்க, போய்ப் பாத்தா ரவுட்டர் பின்னாடி யூஎஸ்பி போர்ட்ல ஒரு ஹார்ட் டிஸ்க், ரவுட்டர் ஆன்டெனாவ ஒட்டி சாஞ்சு கிடக்குது, ஏழு மணிக்குதான் அதுல பேக்கப் ஓடும். ரவுட்டர் செட்டிங்ல அந்த போர்ட்ட யூஎஸ்பி 2க்கு மாத்தி டிஸ்க்க ரெண்டடி தள்ளி வெச்சோம், வேற ஒண்ணும் பண்ணல, அன்னிக்கே நின்னு போச்சு. உங்க ரவுட்டர் பக்கத்துல என்னென்ன கிடக்குதுன்னு ஒரு தடவ கண்ணால பாருங்க.

என்னைக் கேட்டா 2.4ல பல்பு, பிளக், கேமரா மாதிரி வேற போக்கிடம் இல்லாத சாதனத்த மட்டும் விட்டுட்டு போன், லேப்டாப், டிவி எல்லாத்தையும் 5 கிகாஹெர்ட்ஸ்க்கு தூக்கிடணும். ரெண்டுக்கும் ஒரே பேரு வெச்சா ரவுட்டரே பாத்து மாத்தி விடும்னு சொல்வாங்க, ஆனா எந்த பட்டையில ஒட்டிக்கிறதுங்கிறத கடைசியா முடிவு பண்றது போன்தான், சில போன் 2.4ஐ பிடிச்சா விடவே விடாது. அதனால ரெண்டுக்கும் தனித்தனி பேரு வெச்சு, போன்ல 2.4 பேர மறக்க வைக்கிறது எனக்கு எப்பவும் கை குடுத்திருக்கு. 5 கிகாஹெர்ட்ஸ் சுவரத் தாண்டுறதுல பலவீனம்னு எல்லாரும் குறையா சொல்வாங்க, அடுக்குமாடியில அதுதான் பெரிய வரம், ஏன்னா பக்கத்து வீட்டு சிக்னலும் சுவர்ல அடிபட்டு உங்ககிட்ட வராம நின்னுடும்.

5லயும் எங்க நிக்கிறோம்ங்கிறது முக்கியம். சேனல் நம்பர் 36ல இருந்து 48 வரைக்கும் ஒரு கொத்து, 149க்கு மேல ஒரு கொத்து, நடுவுல 52ல இருந்து 144 வரைக்கும் பெரிய இடம். கடையில வாங்கி அப்படியே மாட்டின ரவுட்டர்ல பெரும்பாலானது முதல் கொத்துலயோ கடைசி கொத்துலயோ போய் உக்காந்துக்கும், நடுவுல ஆள் ரொம்ப கம்மி. காரணம், அந்த நடு இடம் வானிலை ரேடார் மாதிரி ரேடார்களோட பங்கு போட்டுக்கிற இடம், டிஎஃப்எஸ்னு சொல்வாங்க. அங்க போகணும்னா ரவுட்டர் முதல்ல குறைஞ்சது 60 செகண்ட் பேசாம கேக்கணும், ரேடார் சத்தம் கேட்டா 10 செகண்டுக்குள்ள எடத்த காலி பண்ணணும், அரை மணி நேரத்துக்கு அந்த சேனலுக்கு திரும்ப வரக்கூடாது. இது வீட்டுக்கு வீடு மாறுற விஷயம். விமான நிலையமோ வானிலை ரேடாரோ பக்கத்துல இருந்தா அடிக்கடி நெட் கட் ஆகி எரிச்சல் வரும், இல்லாட்டி அந்த கட்டடத்துலயே அதவிட அமைதியான இடம் கெடைக்காது. ஒரு வாரம் 100ஆவது சேனல் பக்கம் வெச்சுப் பாருங்க, கட் ஆகலன்னா அங்கயே இருங்க. சில பழைய டிவி ஸ்டிக்குக்கு இந்த சேனல் கண்ணுக்கே தெரியாது, மாத்தினதும் அது நெட்வொர்க் காணோம்னு சொன்னா பதறாதீங்க, அத 2.4ல விட்டுடுங்க. எந்தெந்த சேனல் அனுமதிங்கிறது நாட்டுக்கு நாடு வேற, ரவுட்டர்ல நாடு செட்டிங் நீங்க இருக்குற நாடாவே இருக்கணும், கூடுதல் சேனல் வரும்னு வேற நாட்ட போட்டு வைக்காதீங்க.

சேனலவிட முக்கியமா நான் நெனைக்கிறது அகலம், பெரும்பாலான வீட்ல நான் முதல்ல கை வைக்கிறது இதுலதான். ரவுட்டர் தானா 80 மெகாஹெர்ட்ஸ்ல இருக்கும், புதுசுல 160. 80ன்னா நாலு 20 மெகாஹெர்ட்ஸ் பாதையையும் சேர்த்து வளைச்சுப் போடுறது, அதுல ஏதோ ஒண்ணுல பக்கத்து வீட்டுக்காரர் நடந்தாலும் முழு அகலத்துக்கும் இடைஞ்சல். அகலம் இரட்டிப்பானா கூடவே வாங்கிக்கிற இரைச்சலும் 3 டெசிபல், அதாவது ரெண்டு மடங்கு ஏறும். நெரிசலான கட்டடத்துல 40க்கு இறக்குங்க. கணக்குப் போட்டே பாக்கலாம், ரெண்டு ஆன்டெனா இருக்குற வைஃபை 6 போன் 40 மெகாஹெர்ட்ஸ்ல அதிகபட்சம் 574 எம்பிபிஎஸ்ல இணையும், வைஃபை 5னா 400. கைக்கு வர்றது இதுல பாதி, இல்ல பாதிக்கு கொஞ்சம் மேல, அப்படிப் பாத்தாலும் உங்க 200 எம்பிபிஎஸ் லைனுக்கு அது போதும். நீங்க 40க்கு மாத்தினதும் பகல்ல ஸ்பீட் டெஸ்ட் நம்பர் முன்னவிட குறையலாம், அதப் பாத்துட்டு மறுபடி 80க்கு ஏத்திடாதீங்க, நமக்கு வேண்டியது ராத்திரி கால் திக்காம இருக்குறது, அதுக்கு 4 எம்பிபிஎஸ் கூட போதும், தடங்கல் இல்லாம வரணும், அவ்ளோதான்.

அனலைசர் ஆப்ப எவ்ளோ நம்பலாம்னு கேட்டீங்கன்னா, அது பேரையும் சத்தத்தையும் காட்டுது, யாரு எவ்ளோ பேசுறாங்கன்னு காட்டாது. பத்து நெட்வொர்க் தூங்குற சேனல், நாள் முழுக்க டவுன்லோட் ஓடுற ஒரே நெட்வொர்க் இருக்குற சேனலவிட எவ்ளவோ மேல். அதனால ஆப் காட்டுற படத்த வெச்சு ரெண்டு மூணு சேனல தேர்ந்தெடுத்துட்டு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ராத்திரி அதே பிங்க ஓட விட்டுப் பாக்குறதுதான் சரியான வழி. சில ரவுட்டர்ல சேனல் யூட்டிலைசேஷன்னு ஒரு சதவீதம் காட்டும், அது இருந்தா பாக்கியம், என் அனுபவத்துல ராத்திரி 50ஐ தாண்டினா கால் தடுமாற ஆரம்பிக்கும். ஐபோன்ல ஆப்பிளோட ஏர்போர்ட் யூட்டிலிட்டி ஆப்ப போட்டு போன் செட்டிங்ல ஸ்கேனர ஆன் பண்ணினா சேனல் தெரியும், மேக்ல ஆப்ஷன் கீய அழுத்திட்டு வைஃபை ஐகான க்ளிக் பண்ணினாலே சேனல், சிக்னல், இரைச்சல் மூணும் வந்துடும். ஆட்டோ சேனல்ல விடுறது பத்தி, நல்லா பண்ற ரவுட்டரும் இருக்கு, ஆனா பல ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகுற அந்த நிமிஷம் காதுல விழுறத வெச்சு முடிவு பண்ணும், நீங்க மத்தியானம் ரீஸ்டார்ட் பண்ணினா மத்தியானத்து அமைதிய நம்பி சேனல் எடுத்துக்கும். கையால வெச்சுடுங்க.

ரவுட்டர் எங்க இருக்குன்னு நீங்க எழுதல. வாசல் கதவு பக்கத்துல இரும்பு டப்பாவுக்குள்ள இருந்தா அத வெளிய எடுங்க, டிவி பின்னாடி, பீரோ மேல, நிலைக்கண்ணாடி பக்கம், மீன் தொட்டி பக்கம் எதுவும் வேண்டாம், உலோகமும் தண்ணியும் சிக்னலத் தின்னுடும், கம்பி போட்ட கான்கிரீட் சுவரும் அப்படித்தான். வீட்டுக்கு நடுவுல, நெஞ்சு உயரத்துக்கு மேல, அதிகமா பயன்படுத்துற இடம் கண்ணுல படுற மாதிரி வைங்க. கால் பேசுற இடத்துல மைனஸ் 67 டிபிஎம் வந்தா போதும், மைனஸ் 75க்கு கீழ போனாதான் கஷ்டம்.

இப்ப பூஸ்டர். உங்களுக்கு வேண்டாம்னு உறுதியா சொல்றேன், ஏன்னா உங்க சிக்னல் ஏற்கனவே ஃபுல். சாதாரண பூஸ்டர் ரவுட்டர் சொல்றத கேட்டு அதே சேனல்ல திரும்ப ஒரு தடவ சொல்லும், அப்ப ஒவ்வொரு பாக்கெட்டும் அந்த நெரிசலான பாதையில ரெண்டு தடவ நடக்குது, உங்களுக்கும் பாதி, சுத்தி இருக்குறவங்களுக்கும் இடைஞ்சல். ஒரு ரூம்ல சிக்னலே போகாத வீட்டுக்கு அது உதவும், உங்க கோளாறு அது இல்ல. ரவுட்டர் பவர கூட்டுறதும் அதே கதை, ரவுட்டர் கத்தினா போன்ல கோடு ஏறும், ஆனா போன் குரல் சின்னது, அது பதில் சொல்லி ரவுட்டருக்கு கேட்டாதானே ஒரு பாக்கெட் முடிஞ்ச கணக்கு. ரெண்டு பெட்ரூம் வீட்ல 2.4 பவர நான் பாதிக்கு குறைச்சுதான் வைப்பேன், வீட்டுக்குள்ள போதும், அடுத்த வீட்டுக்கும் நம்ம சத்தம் குறையும்.

காசு செலவு பண்ணணும்னா கேபிளுக்கு பண்ணுங்க. நகராத சாதனம் எதுவும் காத்துல இருக்கவே கூடாதுங்கிறது என் கொள்கை. டிவி, டெஸ்க்டாப், கேம் பெட்டி, வேலை பாக்குற மேஜை, இது எல்லாத்துக்கும் கேட் 5ஈ கேபிள் போதும், 100 மீட்டர் வரைக்கும் 1 கிகாபிட் போகும். ராத்திரி 4கே படம் ஓடுற டிவி ஒண்ண கேபிளுக்கு மாத்தினாலே உங்க போனுக்கு காத்துல அவ்ளோ இடம் கிடைக்குது. சுவரோரமா ஒட்டிப் போற தட்டை கேபிள் இருக்கு, கதவு இடுக்குலயும் போகும். கேபிளே இழுக்க முடியாதுன்னா டிவி கோஆக்ஸ் வயர் ஏற்கனவே ரூமுக்கு ரூம் போயிருந்தா அதுல ஓடுற அடாப்டர் நல்லா வேலை செய்யும், கரென்ட் வயர்ல ஓடுறது மட்டும் வீட்டு வயரிங்கப் பொறுத்தது, திருப்பிக் குடுக்க முடியுற இடத்துல மட்டும் வாங்குங்க. மெஷ், அதாவது ரெண்டு மூணு பெட்டி சேர்ந்து ஒரே நெட்வொர்க்கா ஓடுறது, வாங்குறதா இருந்தாலும் ரெண்டு பெட்டிக்கும் நடுவுல கேபிள் இருந்தாதான் அதுக்கு முழு பலன்.

புது ரவுட்டர் வாங்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. உங்ககிட்ட இருக்குறது வைஃபை 5 ஆவது இருந்தா அவசரம் இல்ல. வைஃபை 6ல பக்கத்து நெட்வொர்க் பேச்சுக்கு கலர் போட்டு பிரிச்சுப் பாக்குற வசதி இருக்குன்னு பெருசா சொல்வாங்க, சுத்தி இருக்குற எல்லாரும் அதுக்கு மாறினாதான் அதுல முழு பலன், நான் பாத்த வீடுகள்ல அதனால மட்டும் பெரிய வித்தியாசம் வரல. உண்மையிலயே மாறுறது 6 கிகாஹெர்ட்ஸ், வைஃபை 6ஈ, வைஃபை 7ல வர்றது. 2020ல அமெரிக்கா 1200 மெகாஹெர்ட்ஸ் தொறந்து விட்டுச்சு, மறு வருஷம் ஐரோப்பா கிட்டத்தட்ட 500 தொறந்துச்சு, மத்த நாடுகள்ல விதி வேற வேற. பழைய சாதனம் எதுவும் அங்க நுழையவே முடியாது, சுவரத் தாண்டுறதும் இன்னும் கம்மி, அடுக்குமாடிக்குன்னே செஞ்ச மாதிரி. உங்க நாட்டு விதியும் உங்க லேப்டாப் போனும் ரெண்டும் இடம் குடுத்தா அதுக்கு செலவு பண்ணலாம், இல்லாட்டி பெட்டி மேல இருக்குற பெரிய நம்பரப் பாத்து வாங்காதீங்க. பழைய ரவுட்டர்னா இன்னொண்ணும் பாருங்க, பாதுகாப்பு டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்ல இருக்கணும், டிகேஐபி, டபிள்யூஇபி மாதிரி பழைய முறையில இருந்தா 54 எம்பிபிஎஸ்க்கு மேல ஏறவே ஏறாது.

முடிஞ்சா பக்கத்து வீட்டுக்காரர்கிட்டயும் பேசிப் பாருங்க, அவர் 36 பக்கம், நீங்க 149 பக்கம், ரெண்டு பேரும் 40 மெகாஹெர்ட்ஸ்னு ஒத்துக்கிட்டா ரெண்டு வீட்டுக்கும் லாபம். ஒரு மாடியில நாலு வீட்டுக்காரங்கள உக்கார வெச்சு இப்படி பிரிச்சுக் குடுத்திருக்கேன், ஒரு பெட்டியும் புதுசா வாங்காம நாலு வீட்லயும் கால் சரியாச்சு.

இன்னிக்கு ராத்திரி எட்டரைக்கு ரெண்டு பிங்கையும் அஞ்சு நிமிஷம் ஓட விட்டு, ரவுட்டர் பிங்ல அதிகபட்சம் எவ்ளோ, வெளி பிங்ல எவ்ளோ, இப்ப எந்த சேனல், எவ்ளோ அகலம், ரவுட்டர் மாடல் என்ன, இத மட்டும் எழுதுங்க. 5 கிகாஹெர்ட்ஸ்ல 40க்கு மாத்திட்டு நாளைக்கும் அதே நேரம் ஒரு தடவ எடுத்து பக்கத்துல போடுங்க. அந்த மெனு உங்க ரவுட்டர்ல எங்க ஒளிஞ்சிருக்குன்னு மாடல் தெரிஞ்சா தேடி சொல்றேன்.